மூலையில் இரண்டு வெட்டு

ஹெப்பகோடி
30 ஜனவரி 1994

மதிப்புக்குரிய ஸ்வர்ணா மேடம் அவர்களுக்கு,

லவினா எழுதுகிறேன். நீங்கள் காகித ஆலைக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. வாரம் ஒரு கடிதம் போட்டு லேபில் நடப்பதைச் சொல்லச் சொன்னீர்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

லேபில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. லிக்னின் பொடி டப்பா இரண்டின் மூடியிலும் ஈரம் ஏறாமல் மெழுகு வைத்திருக்கிறேன். தராசைத் தினமும் துடைக்கிறேன். இளங்கோவன் சார் காலையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். “என்னம்மா, உங்க மேடம் போயாச்சு. இனிமே ஈ ஓட்டுறதுதான் வேலையா?” என்று நேற்றுக் கேட்டார். நான் நின்றேன். “மேனேஜர் கேக்குறேன், ஒரு பதில் சொன்னா குறைஞ்சா போயிடுவே?” என்று போய்விட்டார்.

அப்படி என்னதான் பொடி அது என்று அம்மா கேட்டாள். நீங்கள் எனக்குச் சொன்னதையே சொன்னேன். மரம் என்பது நார். நாரைச் சேர்த்துப் பிடித்து நிற்கவைப்பது லிக்னின். காகித ஆலையில் நாரை எடுத்துக்கொண்டு லிக்னினைக் கறுப்புத் தண்ணீராகக் கழித்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் ஊற்றினால் அது பொடியாகப் படிகிறது. பிளைவுட் ஒட்டும் பசைக்குப் பெட்ரோலியத்திலிருந்து வரும் பீனால் வேண்டும். அதில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் நாங்கள் இந்தப் பொடியைச் சேர்க்கிறோம். அம்மா கேட்டுவிட்டு, “அப்ப மரத்துலேருந்து புடுங்கினத மரத்துக்கே திருப்பித் தர்றீங்க. நல்ல வேலதான்” என்றாள்.

மேடம், ஜனவரியில் கொதிக்கவைத்த ஆறு பலகைகள் அலமாரியில் இல்லை. நீங்கள் எடுத்துப் போனீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
லவினா


பிதிருகட்டே
5 பிப்ரவரி 1994

லவினா,

கடைசியில் ஒரு கடிதம் வந்துவிட்டது! நீ எழுதுவாய் என்று நான் நம்பவில்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். என் தமிழ் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், அம்மா வீட்டில் சொல்லித்தந்தது. சிரிக்காதே. விடுதியில் ஃபோன் உண்டு. ஆனால் கேட்டில் இருக்கும் ஆபரேட்டர் முழுவதையும் கேட்டுவிட்டு மறுநாள் எனக்கே யோசனை சொல்கிறார். அதனால் கடிதமே மேல்.

ஆறு பலகைகளும் என்னிடம்தான். மேஜைமேல் வரிசையாக வைத்திருக்கிறேன். மூலையில் ஒரு வெட்டுப் போட்டவை பாதிப் பீனாலுக்குப் பதில் லிக்னின் சேர்த்தவை. இரண்டு வெட்டுப் போட்டவை பத்தில் ஏழு பங்கு சேர்த்தவை. மூன்று நாள் கொதிநீரில் கிடந்து பாதிப் பலகைகள் ஒட்டு விட்டுத் திறந்துவிட்டன, ஏழு பங்குப் பலகைகள் அசையவில்லை. முதலில் எனக்கே விசித்திரமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். மரத்தைப் பிடித்து நிறுத்துவதே இதுதான், அதிகம் போட்டால் அதிகம் பிடிக்காதா? அறிக்கையில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது நல்ல செய்தி. இங்கே லிக்னின் பொடியைப் படியவைக்கும் தொட்டிகள் தயார். மார்ச் பதினைந்தாம் தேதி நம் பொம்மசந்திரா தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்குகிறது. முதல் நானூறு ஷீட்டும் ஏழு பங்குப் பசையில். எல்லாம் பஸ் பாடி கட்டுபவர்களுக்கு, பஸ்ஸின் தரைக்கு. மழையில் நனைந்த செருப்போடு ஜனங்கள் ஏறி நிற்கப்போகிற தரை! என் அப்பா சீனிவாசராகவன் மல்லேஸ்வரத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்காத்துப் பொண்ணு பஸ்ஸுக்குத் தரை போடறா” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இனி மேடம் வேண்டாம். அக்கா என்று எழுது.

ஸ்வர்ணா


ஹெப்பகோடி
13 பிப்ரவரி 1994

மேடம்,

அக்கா என்று எழுத எனக்கு ஆசை. இதைப் படித்த பிறகும் நீங்கள் சொன்னால் எழுதுகிறேன்.

வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, எங்கள் மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். அதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை. பஸ் கம்பெனிக்காரர்கள் வரும் நாள். நீங்கள் அவர்களை அழைத்துவர கேட்டுக்குப் போயிருந்தீர்கள். பலகையை அழுத்தி ஒட்டும் பிரெஸ்ஸை ஓட்டும் கோவிந்தப்பா கொதிநீர்த் தொட்டியிலிருந்து பலகைகளை எடுத்துக் கொடுத்தார். அவற்றை வரிசையாகக் கட்டியிருந்த கம்பி அறுந்து, ஆறும் அடியில் கலந்து கிடந்தன. மூன்று திறந்திருந்தன. மூன்று திறக்கவில்லை.

மூலைகள் எல்லாம் நார் நாராகப் பிரிந்து கிடந்தன. இளங்கோவன் சார் வந்து பார்த்து, “கெஸ்ட் வர்ற நேரத்துல இப்படிப் பஞ்சு பஞ்சா வெச்சிருக்கீங்களே. நீட்டா பண்ணும்மா” என்றார். நான் உப்புத்தாளை எடுத்து மூலைகளைத் தேய்த்தேன். வெந்த மரம் மெத்தென்று இருந்தது. இரண்டு இழுப்பில் மூலையே வந்துவிட்டது. ஆறையும் தேய்த்து வெள்ளைத் துணியில் அடுக்கிய பிறகுதான் பார்த்தேன். எதிலும் வெட்டு இல்லை.

அறையில் யாரும் இல்லை. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தேன். எது எது என்று ஞாபகம் இருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். ஞாபகம் இல்லை, மேடம். திறக்காத மூன்றில் இரண்டு வெட்டுப் போட்டேன். திறந்த மூன்றில் ஒரு வெட்டு. ஏன் அப்படிப் போட்டேன் என்று ஐந்து வாரமாக யோசிக்கிறேன். ஏழு பங்கு நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று நீங்கள் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் விரும்பியதை என் கை போட்டது.

ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். புத்தகம் கையில் இருந்தது, எழுத்து தெரிந்தது, குரல் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார். வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்றும் அப்படித்தான். நீங்கள் உள்ளே வந்து ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, “லவினா, பாத்தியா!” என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினீர்கள். எனக்குக் குரல் வரவில்லை.

எந்தப் பலகை எது என்று யாருக்கும் தெரியாது. ஏழு பங்கு நின்றது என்று சொல்ல முடியாது. மார்ச் பதினைந்தாம் தேதி தொடங்க வேண்டாம், மேடம்.

லவினா


பிதிருகட்டே
18 பிப்ரவரி 1994

லவினா,

உன் கடிதம் கிடைத்தது.

ஒரு கம்பி அறுந்ததற்கும் மூலையைத் தேய்த்ததற்கும் பயந்து, நடக்காததையெல்லாம் நடந்ததாக நினைத்துக்கொள்கிறாய். எது எது என்று உன் கைக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். எட்டு மாதம் தினமும் பலகை செய்தவள் நீ.

அல்லது இதை எழுதச் சொன்னது யார்? இளங்கோவனா? இந்த வேலை நின்றுபோனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் சொல்லி எழுதியிருந்தால் அதையும் நேராகச் சொல்லிவிடு.

அறிக்கை முதலாளியின் கையில் இருக்கிறது. இதை யாரிடமும் பேசாதே. கடிதமும் இனி வேண்டாம்.

ஸ்வர்ணா


ஹெப்பகோடி
26 பிப்ரவரி 1994

மேடம்,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது கடிதம் இல்லை. பார்சலுக்குள் வைக்கும் சீட்டு.

உள்ளே நான்கு பலகைகள் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை செய்தேன். உங்கள் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் உள்ள அதே அளவு, அதே சூடு, அதே நேரம். டப்பாவில் இருந்த பொடியில் பாதி செலவாகிவிட்டது. கேட்காமல் எடுத்தது தப்பு.

பிரெஸ்ஸுக்கு எண்ணெய் போட கோவிந்தப்பா ஞாயிறு வருவார் என்று தெரியும். அவர் முன்னால் போய் நின்றேன். “ஏனம்மா, சண்டே கூட உனக்கு ரஜா இல்லையா? மேடத்துக்குத் தெரியுமா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “சரி. பிரெஸ் தானா ஓடிச்சு. நான் பாக்கல” என்று சுவிட்சைப் போட்டார்.

இந்த முறை வெட்டுப் போடவில்லை. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஓட்டை போட்டுச் செம்புக் கம்பி கோர்த்தேன். பாதிக்கு ஒரு முடிச்சு, ஏழு பங்குக்கு இரண்டு முடிச்சு. தொட்டியில் போடும்போதும் எடுக்கும்போதும் கோவிந்தப்பா எண்ணினார். எழுபத்திரண்டு மணி நேரம் கொதித்தது.

இரண்டு முடிச்சுப் பலகை இரண்டும் திறந்துவிட்டன. ஒன்று எடுக்கும்போதே கையில் மூன்று தகடாகப் பிரிந்தது. அதை நூலால் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு முடிச்சுப் பலகைகள் திறக்கவில்லை. கத்தி வைத்துப் பிளந்து பார்த்தேன். பசை விடவில்லை, மரம்தான் கிழிந்தது.

இளங்கோவன் சாருக்கு இது எதுவும் தெரியாது. சொல்லிக்கொடுத்து என்னைப் பேசவைக்க டீச்சராலேயே முடியவில்லை. அவரால் எப்படி முடியும்?

லவினா


பிதிருகட்டே
3 மார்ச் 1994

பார்சல் வந்தது. நூலை அவிழ்த்துப் பார்த்தேன். இன்று எழுத முடியவில்லை.

ஸ்வர்ணா


பிதிருகட்டே
12 மார்ச் 1994

லவினா,

நீ உன் தப்பை எழுதினாய். என்னுடையதை நான் எழுத வேண்டும்.

அன்று நான் உள்ளே வந்து பலகையைத் தூக்கினேன் அல்லவா? அப்போதே பார்த்தேன். மூன்று நாள் வெந்த பலகை தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பாக இருந்தது. மூலையில் இருந்த வெட்டு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீருக்குள் போவதற்கு முன் போட்ட வெட்டு அப்படி இருக்காது. அரை மணி நேரம்கூட ஆகாத வெட்டு அது. எனக்கு அது தெரியும். நீ பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். “இது எப்ப வெட்டினது?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்பதால் கேட்கவில்லை. பதிலாக உன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன்.

அதோடு நிற்கவில்லை. பாதிப் பலகைகள் ஏன் திறந்தன என்று யாராவது கேட்பார்களே. பிரெஸ்ஸில் சூடு குறைந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதினேன். சூடு குறையவே இல்லை. கோவிந்தப்பா அதற்காக இளங்கோவனிடம் இரண்டு நாள் திட்டு வாங்கினார். இப்போது உனக்கு அவர்தான் பிரெஸ்ஸை ஓட்டிக் கொடுத்திருக்கிறார்.

முந்தாநாள் முதலாளி தொட்டிகளைப் பார்க்க இங்கே வந்தார். இளங்கோவனும் கூட. நீ அனுப்பிய நான்கையும் மேஜைமேல் வைத்து, அறிக்கை தப்பு என்று சொன்னேன். வெட்டுகளைப் பற்றிச் சொன்னேன், நான் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் சேர்த்து. பிரெஸ்ஸில் கோளாறு எதுவும் இல்லை என்றும் சொன்னேன். முதலாளி பிரிந்த பலகையை எடுத்துத் தகடு தகடாகப் புரட்டினார். “நானூறும் பஸ்ஸுல போயிருந்தா?” என்று மட்டும் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இளங்கோவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் பெயரை இழுத்து உனக்கு நான் எழுதியது ஞாபகம் வந்தது. என்னை மன்னித்துவிடு.

பதினைந்தாம் தேதி வேலை ரத்து. தொட்டிகளைப் பூட்டிவிட்டார்கள். லேப் இனி இளங்கோவனிடம். நான் இங்கேயே இருந்து, ஆலையிலிருந்து வெளியே போகும் தண்ணீரைத் தினமும் அளந்து எழுத வேண்டும். தினமும் அந்தக் கறுப்புத் தண்ணீர் கால்வாயில் இறங்குவதைப் பார்க்கிறேன். அழுகிய முட்டை நாற்றம். அதில் போவது அத்தனையும் ஏதோ ஒரு மரத்தை நிற்கவைத்திருந்தது.

ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன். உன் பாதிப் பலகைகள் இரண்டு நின்றன. இரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பன்னிரண்டு செய்து பார்க்க முதலாளி ஒத்துக்கொண்டார். அதில் குறைந்தது பத்து நின்றால் தொட்டியைத் திறக்கலாம் என்றார். எல்லாமே பாதிப் பங்குப் பலகைகள். நீதான் செய்ய வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் பக்கத்தில் நின்றால் பலகை எனக்குப் பிடித்ததைத்தான் சொல்லும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஸ்வர்ணா


ஹெப்பகோடி
5 ஏப்ரல் 1994

ஸ்வர்ணா அக்கா,

ஈஸ்டர் முடிந்து நேற்று அந்தப் பலகைகளை மேஜையில் வைத்தோம். முதலிலிருந்து சொல்கிறேன்.

பன்னிரண்டையும் போன வாரத்துக்கு முந்தின வாரம் செய்தேன். இளங்கோவன் சார் பலகைக்கு ஒரு படிவம் கொடுத்தார். எண், பசையின் அளவு, சூடு, நேரம். கடைசியில் ‘தயாரித்தவர்’ என்று ஒரு கட்டம். எப்போதும் அதில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும். இந்த முறை யாருடையது என்று நான் அவரைப் பார்த்தேன். “என்ன பாக்குற? நானா செஞ்சேன்? செஞ்சவங்கதான் போடணும்” என்றார். என் பெயரை எழுதினேன். பன்னிரண்டு தடவை.

கோவிந்தப்பா கம்பியை எண்ணினார். நீங்கள் பிரெஸ்ஸைப் பற்றி முதலாளியிடம் சொன்னதை அவரிடம் சொன்னேன். எனக்கு அது பெரிய பேச்சு. அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, “பிரெஸ் சரியாத்தான் இருந்துச்சுன்னு எனக்குக் கொத்து, நல்லாத் தெரியும். அவங்களுக்குக் கொத்தாயிடுச்சில்ல, அது சாக்கு” என்றார். போதும் என்கிறார். உங்களிடம் அவருக்குக் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீங்களே அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள்.

பெரிய வியாழனன்று தொட்டியிலிருந்து எடுத்தோம். ஒன்பதாம் எண் திறந்திருந்தது. அதைத்தான் முதலில் எழுதினேன். மற்ற பதினொன்றும் திறக்கவில்லை. ஒன்பது ஏன் திறந்தது என்று எனக்குத் தெரியாது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

மற்ற பதினொன்றையும் இளங்கோவன் சாரே கத்தி வைத்துப் பிளந்து பார்த்தார். பதினொன்றிலும் மரம்தான் கிழிந்தது. ஒரு சில்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று முதலாளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சார் மறுபடி உள்ளே வந்தார். வெள்ளைத் துணியில் பன்னிரண்டும் எண் வரிசையில் இருந்தன. மூலை எல்லாம் நார் நாராக.

“என்னம்மா இது? ஆளுங்க வர்ற நேரத்துல இப்படியே வெச்சிருக்க. உப்புத்தாள் இல்லையா?”

வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் காத்திருந்தார். அன்றைக்கு வகுப்பில் டீச்சர் காத்திருந்த மாதிரியே. கோவிந்தப்பாவும் பிரெஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் சார்.”

“என்ன சொன்ன?”

“தேய்க்க வேணாம் சார்” என்றேன். இந்த முறை எனக்கே கேட்டது.

அவர் பலகைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேஜை ஓரத்தில் கிடந்த உப்புத்தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

முதலாளி வந்ததும் ஒன்பதாம் எண்ணைத்தான் முதலில் கையில் எடுத்தார். அதன் மூலையிலிருந்து ஒரு நார் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறிவிட்டு அடுத்ததை எடுத்தார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

தொட்டியின் சாவியை உங்களுக்கு அனுப்புகிறார்களாம்.

லவினா